ஐப்பசி மழை முதல் மாசிப் பனி வரை: மதுரை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மதுரை வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டியவை. மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது, எந்த அறைக்கு ஏசி போடுவது என்று நாம் யோசிப்பதெல்லாம் சித்திரையையும் வைகாசியையும் மனதில் வைத்துத்தான். மழைக்கும் குளிருக்கும் என்று தனியாக யாரும் எதுவும் செய்வதில்லை. ‘மதுரைக்கெல்லாம் புயல் எங்கே வரப்போகுது’ என்ற நினைப்பு நமக்குள் ஊறிக் கிடக்கிறது.

அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், டெல்டாவையும் புதுக்கோட்டையையும் சாய்த்துவிட்டு, திண்டுக்கல் பக்கமாகத்தான் கேரளத்துக்குப் போனது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியதற்குப் பெயர் வைத்த புயல் எதுவும் காரணமில்லை. கடலோரத்தில் நின்ற காற்றுச் சுழற்சி ஒன்றே போதுமானதாக இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நமக்கும் அந்த ஊருக்கும் மூன்று மணி நேரப் பயணம்தான். 2024 அக்டோபர் 25 பிற்பகலில் மதுரையிலேயே ஒரே மழையில் பந்தல்குடி கால்வாய் பொங்கி, செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

ஆனால் நம்ம ஊரில் காற்று கூரையைப் பிய்த்து ஆள் சாவது அபூர்வம். மாடியில் தேங்கும் தண்ணீர், ஊறிப்போன சுவர், ஈரத்தில் கசியும் கரண்ட், குளிருக்காக மூடிய அறைக்குள் புகை, இந்த நாலும்தான் ஆளைச் சாய்க்கின்றன. நாலையும் முன்கூட்டியே தடுக்க முடியும். மழை கொட்டும்போது செய்ய முடிந்தது ரொம்பக் குறைவு. அதனால்தான் இதில் பாதிக்கு மேல் புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலைகளாக இருக்கின்றன.

முதலில் மொட்டை மாடி

ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 930 லிட்டர் தண்ணீர். 10 செ.மீ. பெய்தால் 9,300 லிட்டர். ஒரு தண்ணி லாரி அளவு உங்கள் தலைக்கு மேல் வந்து இறங்குகிறது. அது முழுக்க நாலு அங்குலக் குழாய் ஒன்றிரண்டின் வழியாகத்தான் கீழே போயாக வேண்டும்.

அந்தக் குழாய் வாயைக் குனிந்து பாருங்கள். வேப்பிலைச் சருகு, புறா இறகு, போன தீபாவளிப் பட்டாசுக் காகிதம், அறுந்த காற்றாடி நூல், துணி க்ளிப்பின் உடைந்த துண்டு எல்லாம் சேற்றோடு சேர்ந்து மெத்தை மாதிரி படிந்திருக்கும். மேலே பார்த்தால் காய்ந்த குப்பைதான் தெரியும். கையை விட்டு எடுத்தால் ஒரு சாண் ஆழத்துக்கு வரும். எடுத்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு சட்டென்று இறங்கினால் குழாய் திறந்திருக்கிறது. தயங்கித் தயங்கி இறங்கினால் வளைவில் எங்கோ அடைப்பு. பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். வாயில் ஒரு ஜல்லடை மூடி போட்டுவிட்டால் நல்லது. ஆனால் அந்த மூடியின் மேலும் சருகு சேரும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வாரம் ஒரு தடவை மாடிக்குப் போய்ப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் யாராவது ஒருவர் பெயரில் எழுதிவிடுங்கள். எல்லோருடைய வேலை என்று விட்டால் யாரும் ஏறமாட்டார்கள்.

அடுத்தது மாடித் தளத்தின் மேல் பதித்த தட்டோடு. ஓட்டின் மேல் கம்புக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியாக இருக்கும் இடத்தில் ஒரு சத்தம், பொக்காகிப் போன இடத்தில் வேறு சத்தம். பொக்கான ஓட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்து வழி கண்டுபிடித்துத்தான் கீழே ஹாலில் ஒழுகுகிறது. ஒழுகும் இடம் ஒன்று, தண்ணீர் இறங்கிய இடம் இன்னொன்று. அதனால் ஒழுகலுக்கு நேர் மேலே மட்டும் பூசிப் பிரயோசனமில்லை. ஓட்டு இடுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மேஸ்திரியை விட்டு நிரப்பச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் பெரும்பாலும் முதலில் வாய் பிளக்கும். அந்த இடத்தைச் சரிவாகப் பூசியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குக் காய்ந்த நாட்கள் வேண்டும். புரட்டாசியில் சாயங்கால மழை ஆரம்பித்துவிடும் என்பதால் ஆவணியிலேயே மேஸ்திரியைப் பிடிப்பது உத்தமம். வெயிலைத் தடுக்க அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் எல்லாம் மழையைத் தடுக்காது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கமுள்ள பழைய வீடுகளில் இன்னும் மர உத்தரம் போட்ட சுண்ணாம்புத் தளம் இருக்கிறது. அந்தத் தளத்தின் மேல் சிமென்ட்டை அப்பிவிட வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உத்தரத்தைத்தான் அரிக்கும். உத்தரத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே மரம் கறுத்திருந்தாலோ, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கினாலோ, அந்த அறையில் மழைக்காலத்தில் யாரையும் படுக்க விடாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆசாரி, கொத்தனார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். தேடிப் பிடிப்பது சிரமம்தான், ஆனாலும் அவர்களிடமே கொடுங்கள்.

சிமென்ட் ஷீட், தகரம் போட்ட வீடுகளில் கொக்கி போல்ட்டுகளின் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான். காற்றுக்குப் பறக்காமலிருக்கச் சிலர் கூரை மேல் செங்கலும் ஆட்டுக்கல்லும் வைக்கிறார்கள். பெருங்காற்றில் அவையே தலையில் விழும். மணல் மூட்டையைக் கயிற்றால் கட்டிப் போடுங்கள். ஷீட் மேல் நேராகக் காலை வைத்து ஏற வேண்டாம். கீழே சட்டம் போகும் இடத்தில் பலகை போட்டு, அதன் மேல் நின்றுதான் வேலை பார்க்க வேண்டும்.

மாடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருந்தால், புயல் அறிவிப்பு வந்த அன்று நிரப்பி மூடியை இறுக்கிவிடுங்கள். காலித் தொட்டி காற்றில் உருளும். நிரம்பிய தொட்டி அசையாது. கரண்ட் இல்லாத நாட்களுக்குத் தண்ணீரும் ஆச்சு.

மரம் இருக்கிற வீட்டுக்காரர்கள் முருங்கையைக் கவனியுங்கள். சின்னக் காற்றுக்கே கிளை முறியும். மழைக்கு முன்பே கழித்துவிட்டால் அது மறுபடி நன்றாகத் துளிர்க்கும். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள்.

சுவர்

ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் பக்கத்துச் செய்தித்தாள்களில் சுவர் இடிந்து இறந்தவர்கள் செய்தி வருகிறது. பெரும்பாலும் மழை பெய்துகொண்டிருக்கும்போது அல்ல, விட்ட பிறகு, தூங்கிக்கொண்டிருக்கும்போது. மண் சுவர் தண்ணீரை மெல்ல உறிஞ்சும். மேலே வெயில் அடித்துக் காய்ந்த மாதிரி இருக்கும். அடியில் ஊறிக் குழைந்திருக்கும். அதனால் ‘மழைதான் விட்டுருச்சே’ என்று திரும்ப உள்ளே போய்ப் படுப்பதுதான் ஆபத்து.

விரிசலை அளக்க ஒரு எளிய வழி. விரிசல் எங்கே முடிகிறதோ அந்த நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதி எழுதிவையுங்கள். அகலமான இடத்திலும் ஸ்கேல் வைத்து அளந்து பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ அகலம் கூடியிருந்தாலோ அது உயிருள்ள விரிசல். வருடக்கணக்காக அப்படியே இருப்பது வேறு விஷயம். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் இதை எல்லோரும் செய்ய வேண்டும். கரிசல் கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் உப்பும். அஸ்திவாரம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

உடனே வீட்டை விட்டு வெளியே வர வேண்டிய அறிகுறிகள் இவை: சுவரின் அடிப்பகுதி வயிறு தள்ளிய மாதிரி புடைத்து நிற்பது, நேற்று வரை சரியாக மூடிய கதவு திடீரென்று நிலையில் சிக்குவது, மண்ணோ காரையோ பொலபொலவென்று உதிர்வது, கூரைக்கட்டை முனகுவது. இதில் ஒன்று தென்பட்டாலும் நகை, பத்திரம் என்று தேடாமல் ஆட்களை வெளியேற்றுங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடமோ, சமுதாயக் கூடமோ, சொந்தக்காரர் வீடோ, ஒரு ராத்திரி அங்கே தங்குவதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

காம்பவுண்டுச் சுவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பக்கம் மண் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருந்தால், மழையில் அந்த மண்ணின் எடை முழுவதும் சுவரைத் தள்ளும். சுவரின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே போடச் சொல்லுங்கள். அந்தச் சுவரை ஒட்டி மாடு கட்டுவதையும் பிள்ளைகள் விளையாடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

கரண்ட்

மெயின் போர்டில் ஆர்சிசிபி என்ற ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். கரண்ட் வேறெங்காவது, குறிப்பாக ஒரு ஆளின் உடம்பு வழியாக, கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது வேண்டும். பல பழைய வீடுகளில் அது கிடையாது. சாதாரண எம்சிபி மட்டும் இருக்கும். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஒரே ஒரு செலவுதான் இந்த மழைக்காலத்துக்குச் செய்ய முடியும் என்றால் ஆர்சிசிபிக்குச் செய்யுங்கள். கூடவே எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் டி என்று எழுதிய ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அமுக்க வேண்டும். அமுக்கியதும் விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை.

வெளிச்சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டு, மாடிப்படி விளக்கு, மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவற்றில் தூவானம் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் மேலே ஒரு தகரத் தாழ்வாரம் போதும். துணி காயப் போடும் கம்பி ரொம்ப முக்கியம். கரண்ட் கம்பத்திலோ, சர்வீஸ் வயர் வரும் கம்பியிலோ கொடியைக் கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். இரும்புக் கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள். ஈரத்துணியைக் கம்பியில் போடப்போய் இறந்த பெண்கள் நம் ஊர்ப்பக்கம் உண்டு.

மழை நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால், தரை காய்ந்திருக்கும்போதே மெயினை அணைத்துவிடுங்கள். போர்டுக்குப் போகத் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லி லைனையே நிறுத்தச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் வயரில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 150 ஏஎச், 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் காகிதத்தில் 1800 வாட் மணி இருக்கும். இழப்பெல்லாம் போக 1100 அளவுக்கு நம்பலாம். சாதாரண ஃபேன் 75 வாட். இரண்டு ஃபேன், இரண்டு எல்இடி பல்பு, வைஃபை எல்லாம் ஓடினால் சுமார் 6 மணி நேரம். அதே இடத்தில் கரண்டைக் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இருந்தால் 12 மணி நேரம். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் புரட்டாசியில் பார்த்து ஊற்றிவிடுங்கள். ஜெனரேட்டர் இருந்தால் அதை வீட்டுக்குள்ளோ, கார் ஷெட்டிலோ, படிக்கட்டு அடியிலோ ஓட்டவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

அறிவிப்பைப் புரிந்துகொள்வது

வானிலை ஆய்வு மையம் கனமழை என்றால் ஒரு நாளில் சுமார் 7 முதல் 11 செ.மீ.; மிகக் கனமழை என்றால் 12 முதல் 20; அதிகனமழை என்றால் 21க்கு மேல். மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செய். ஆனால் ஐப்பசியில் மதுரைக்கு வருவது பெரும்பாலும் சாயங்கால இடிமழை. ஒரு நாள் அளவு கம்மியாக இருந்தாலும் ஒரே மணி நேரத்தில் கொட்டிவிடும். நம் சாக்கடைகளும் கால்வாய்களும் அந்த வேகத்துக்குத் தாங்காது. மஞ்சள்தானே என்று இருந்துவிட வேண்டாம்.

வைகைக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது வந்துவிட்டால் எந்த நேரமும் தண்ணீர் திறப்பார்கள். நம் தெருவில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், தேனிப் பக்கம் மலையில் பெய்தது ஆற்றில் வரும். யானைக்கல் தரைப்பாலம் மூழ்கியிருந்தால் பைக்கை இறக்காதீர்கள். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே நடக்கிற ஆளைத் தள்ளிவிடும். 60 செ.மீ. இருந்தால் காரையே இழுத்துக்கொண்டு போகும்.

ஆற்றை விட்டுத் தள்ளி இருப்பவர்கள் கண்மாயைப் பாருங்கள். செல்லூர், வண்டியூர், மாடக்குளம் என்று மதுரை முழுக்கக் கண்மாய்களும் அவற்றை இணைத்த கால்வாய்களும்தான். உங்கள் தெரு எந்தக் கண்மாயின் உபரி நீர் போகும் பாதையில் இருக்கிறது என்று அந்த வட்டாரத்துப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். “அப்ப எல்லாம் இங்கிட்டுத்தாம்ப்பா தண்ணி போகும்” என்று அவர் கை காட்டும் திசைதான் நாளைக்கும் தண்ணீர் தேடிவரும் திசை. தரைத்தளத்தில் இருப்பவர்கள் அதை வைத்து பீரோ, ஃபிரிட்ஜ், அரிசி டின் எல்லாம் எங்கே ஏற்றி வைப்பது என்று முன்பே முடிவு செய்யலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

இதில் நீட்ட ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று மூன்று நாளுக்குக் குடிக்க, சமைக்கத் தண்ணீர். அவல், பொரிகடலை, ரஸ்க், பேரீச்சம்பழம், பால்பவுடர். ஒரு முழு சிலிண்டர். டார்ச், அதற்குச் செல், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். மெழுகுவர்த்தியைவிட டார்ச்தான் நல்லது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, இளைப்பு மாத்திரை மருந்துகள் இரண்டு வாரத்துக்கு. இன்ஹேலரில் எத்தனை தடவைக்கு மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஆதார், பட்டா, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரே பையில். கையில் கொஞ்சம் சில்லறைப் பணம். டவர் போய்விட்டால் ஜிபே ஓடாது. இன்சுலின் போடுபவர்கள் கரண்ட் போனால் குப்பியை மண்பானைத் தண்ணீர்ப் பக்கம் குளிர்ச்சியில் வைக்கலாம். நேரடியாக ஐஸில் படக்கூடாது.

மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மழை கொட்டும்போது

வீட்டுக்குள் இருங்கள். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்க 30 விநாடிக்குக் குறைவாக ஆனால், மின்னல் 10 கிலோ மீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அப்போது மாடியில் துணி எடுக்கப் போவது, வேப்பமரத்தடியில் ஒதுங்குவது, வயலில் நிற்பது எதுவும் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். டிவி, ஃபிரிட்ஜ் பிளக்குகளை இடி தொடங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.

வடிந்த பிறகு

தண்ணீர் புகுந்த வீட்டில் முதல் வேலை கழுவுவது இல்லை. எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயினைப் போடாமலிருப்பது. ரெண்டாவது சம்ப். தெருத்தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கியிருந்தால் முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிறகுதான் புதுத் தண்ணீர் விட வேண்டும். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றித்தான் குடிக்க வேண்டும்.

மழைத்தண்ணீரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாகத்தான் உள்ளே போகும். மழைத்தண்ணீரில் நடந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆக ஏழிலிருந்து பத்து நாள். அதனால் வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்ளலாம், வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரைக் கொட்டினால் அதன் பரம்பரை அறுந்துபோகும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், ஆட்டுரல் குழி, தேங்காய்ச் சிரட்டை. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். புரூஃபன், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்ட மறுநாள்தான் அதிகக் கவனம் வேண்டும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், ஆள் சோர்ந்து கிடப்பது, இவை வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

ஓதம் ஏறிய சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்க வேண்டாம். ஈரம் உள்ளே இருக்கும்போது அடித்தால் பங்குனிக்குள் உரிந்துவிடும். பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி நகர்த்தி வைத்து, பகலில் ஜன்னலைத் திறந்து, ஃபேனை ஓடவிடுங்கள். பூசணத்தைக் காய்ந்த துணியால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். இளைப்பு உள்ளவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

மார்கழி, தை, மாசி

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மதுரைக் குளிர் 20 டிகிரியை ஒட்டி நிற்கும் குளிர்தான். அலங்காநல்லூர், பாலமேடு, அழகர்மலை அடிவாரத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கும். இது இளவயசுக்காரர்களை ஒன்றும் செய்யாது. எழுபது தாண்டியவர்களையும் பச்சைப் பிள்ளைகளையும்தான் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் நம் வீட்டில் அவர்கள்தான் தரையில் படுக்கிறார்கள்.

மொசைக், டைல்ஸ் தரை உடம்புச் சூட்டை ராத்திரி முழுக்க இழுக்கும். மேலே எத்தனை போர்த்தினாலும் அடியில் வெறும் பாய் மட்டும் இருந்தால் விடியும்போது இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொள்ளும். முதலில் பாய், அதன் மேல் இரண்டாக மடித்த ஜமுக்காளம், அதன் மேல் பழைய சுங்குடிச் சேலை இரண்டு. கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. போர்த்துவதற்கும் ஒரே கனமான கம்பளியைவிட மெல்லியது இரண்டு மூன்று நன்றாகச் சூடு பிடிக்கும். தலைக்கும் காதுக்கும் மஃப்ளர், காலுக்கு சாக்ஸ். வாடைக்காற்று வரும் வடக்கு ஜன்னலைச் சாத்தலாம். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள். சாயங்காலம் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைப்பதை இந்த மூன்று மாதமும் காலைக்கு மாற்றிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெந்நீர் ஒத்தடம், ஹாட் வாட்டர் பேக் வைத்தால் சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். வீட்டில் வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்து, துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். குளிரில் ரத்த நாளங்கள் சுருங்கி பிரஷர் ஏறும். மாத்திரையைத் தவறவிடக் கூடாத மாதம் இது. வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி ஐந்து மணிக்கு நடக்கும் பெரியவர்கள், வெயில் தட்டிய பிறகு ஏழு மணிக்கு நடக்கலாம்.

பிறந்த குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ் போட்டு அம்மாவின் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பதைவிடச் சிறந்த சூடு வேறில்லை. முகத்தை மூடிப் போர்த்தக் கூடாது. குளிப்பாட்டிய கையோடு சாம்பிராணி காட்டும் வழக்கத்தை, குழந்தை இருக்கும் அறையில் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாட்டி கோபித்துக்கொண்டால், “பூஜை அறையிலே போடுங்கம்மா, பிள்ளைக்கு மூச்சு வாங்குது” என்று பக்குவமாகச் சொல்லுங்கள். புகை மருந்தில்லை, அந்தச் சின்ன நுரையீரலுக்கு அது பாரம்.

புகையைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடுப்புக்கரியோ விறகோ மூடிய அறைக்குள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். தூங்குகிறவருக்குத் தலைவலிகூடத் தெரியாது, அப்படியே போய்விடுவார். கொடைக்கானலுக்குப் போய்க் குளிருக்காக அறையில் கரி மூட்டித் தூங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அங்கே ஜனவரியில் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும், மேல்மலையில் உறைபனியே விழும். ஸ்வெட்டர், கம்பளி, தங்குமிடத்தில் கேட்டு வாங்கும் கூடுதல் ரஜாய் இவைதான் வழி. வாசலில் மூட்டிய நெருப்பின் மிச்சத்தைச் சட்டியோடு உள்ளே தூக்கி வருவதும் அதே ஆபத்துதான். குளியலறைக்குள் வைக்கும் கேஸ் கெய்சரும் அப்படியே. வெளியே மாட்டியிருந்தால் மட்டும் சரி.

வெந்நீருக்கு ராடு போடுகிறவர்கள், சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். ராடு போட்ட வாளி இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் வர முடியாதபடி கதவைச் சாத்துங்கள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. சூடாகச் சாப்பிடுங்கள், மிளகு ரசம், சுக்கு மல்லிக் காபி தொண்டைக்கு இதமாக இருக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் பெரியவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று குடிக்காமல் இருந்துவிடுவார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் விளக்கு சுவிட்சும், பாத்ரூம் வரை காய்ந்த தரையும் இருந்தால் அந்தப் பயம் போய்விடும்.

வயதானவர் ஒருவர் காலையில் எழுப்பினால் குழறிப் பேசுகிறார், வயிற்றைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, நடுக்கமும் நின்றுபோயிருக்கிறது என்றால் அது தூக்கக் கலக்கம் இல்லை. ஈரத்துணி இருந்தால் மாற்றி, போர்வையால் சுற்றி, 108ஐக் கூப்பிடுங்கள். முழு நினைவோடு இருந்தால் மட்டும் சூடான பால் கொடுக்கலாம். கையையும் காலையும் பரபரவென்று தேய்க்க வேண்டாம்.

மாலை போட்டவர்கள் விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். நெஞ்சு வலியோ பிரஷரோ இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தலையில் முதல் சொம்பை ஊற்றாமல், கால், தொடை, கை என்று ஏறி வந்து கடைசியில் தலைக்கு ஊற்றுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் பனி மூடிய ரோட்டில் இருட்டோடு கிளம்புகிறார்கள். பையின் பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, கூட்டத்தில் கடைசியாக நடப்பவர் கையில் டார்ச் கொடுங்கள். ராத்திரி தங்கும் சத்திரத்துத் தரைக்கு, மேலே போர்த்தும் துண்டைவிட அடியில் விரிக்கும் தார்ப்பாயும் ஜமுக்காளமும்தான் அவசியம். அதைச் சுமக்க யோசிக்க வேண்டாம்.